மாஃபியோப்பொலியின் நகரசபை

பாராளுமன்றத்தைப் பார்த்துச் சிரிப்பது இங்கிலாந்தில் ஒரு பழைய தொழில். 'பஞ்ச்' சஞ்சிகையில் 1881 முதல் 1916 வரை ஹென்றி லூசி அதைச் செய்தார். புனைபெயர் 'ரோபி எம்.பி.'. ரோபி என்பது பஞ்சின் நாய். நாயை அங்கத்தவராக்கிய இந்தப் பகிடிக்காக எவரும் அவரைத் தண்டிக்கவில்லை. 1909இல் சேர் பட்டம் கொடுத்தார்கள்.

பலெர்மோவுக்குப் பக்கத்தில் அதே தொழிலைச் செய்தவருக்குக் கிடைத்தது வேறு. பலெர்மோ விமான நிலையத்தில் இறங்கும் எம்மவர் முதலில் மிதிப்பது சீனிசி ஊர் மண்ணை. அங்கு மூன்றாவது ஓடுபாதைக்காகக் காணிகள் பறிக்கப்பட்டபோது விவசாயிகளோடு நின்றவர் பெப்பினோ இம்பஸ்தாத்தோ (1948–1978). தகப்பனே மாஃபியாவோடு தொடர்புள்ளவர். மகனோ 1977இல் அயலூரான தெராசினியில் நண்பர்களுடன் 'றேடியோ ஔட்' தொடங்கி, 'பைத்தியக்கார அலை' என்ற நிகழ்ச்சியில் ஊர்ப் பெரியவர்களை நையாண்டி செய்தார்.

அவருடைய கலை பெயர் மாற்றுவதில் இருந்தது. சீனிசி 'மாஃபியோப்பொலி' ஆயிற்று. நகரசபையைக் குறிக்கும் 'முனிசீப்பியோ' என்ற சொல் 'மஃபிசீப்பியோ' ஆயிற்று. மாஃபியாத் தலைவன் கயத்தானோ பதலமெந்தி 'தானோ செதூத்தோ'. அமெரிக்கப் பூர்வகுடித் தலைவர் ஒருவருக்கு இத்தாலியர் சொல்லும் பெயர் 'தோரோ செதூத்தோ', அமர்ந்திருக்கும் எருது. எருதை எடுத்துவிட்டுத் தானோவை இருத்தினார்.

இந்தப் பகிடி ஊரெல்லை தாண்டினால் எடுபடாது, யார் எவர் என்று விளக்கவேண்டும் என்பர். எனக்கு அதுவே அதன் பலம். லூசியின் சிரிப்பு சபையை நோகாமல் தட்டிக்கொடுத்தது. பெப்பினோவின் சிரிப்பு, அந்தப் பெயரை உரத்துச் சொல்லப் பயந்தவர்களின் காதுக்கு. ஒருவனைப் பட்டப்பெயரால் கேட்டுச் சிரித்தவன், மறுநாள் தெருவில் அவனுக்குப் பழையபடி குனிவது கடினம்.

1978 மே 8 இரவு அவரைக் கொன்று, உடலை ரயில் தண்டவாளத்தில் வைத்து வெடிவைத்தார்கள். குண்டு வைக்கப்போய் இறந்த பயங்கரவாதி என்றனர் விசாரித்தவர்கள். ஆனால் அவர் போட்டியிட்ட நகரசபைத் தேர்தலில், இறந்து சில நாட்களில், ஊர் அவரைத் தெரிவுசெய்தது. தாய் பெலிச்சாவும் தமையனுக்காகத் தம்பியும் ஓயாது போராடினர். பதலமெந்திக்கு ஆயுள்தண்டனை கிடைத்தது 2002இல்.

கொன்றபின் பெயரையும் கொல்வது எமக்குப் புதிதல்ல. 1994 மே 1 அன்று சபாலிங்கம் பாரிஸில் தன் வீட்டில் சுட்டுக்கொல்லப்பட்டபின், புகலிடத்தில் எழுதுகிற ஒவ்வொருவரும் தன் வாசற்கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டோம். எம்மிடமும் பெரியவர்களுக்குப் பட்டப்பெயர்கள் இருந்தன. குசினிக் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லிச் சிரித்தோம். பெப்பினோ அதை ஒலிவாங்கிக்கு முன்னால் சொன்னார்.