தொட்டி முல்லை

மொட்டைமாடியில் மணக்கும் கொடி ஒன்றே ஒன்றுக்குத்தான் இடம் என்றால், யோசிக்காமல் முல்லையைச் சொல்வேன். குண்டுமல்லி எத்தனை பூத்தாலும் புதர்தான். பிச்சி கை நீட்டிக்கொண்டு பக்கத்துத் தொட்டிக்குப் போய்விடும். முல்லை அடக்கமான கொடி. அதற்குப் பற்றுக்கம்பி கிடையாது. மூன்று மூங்கில் குச்சியை நட்டு, சணலால் தளர்வாகக் கட்டிவிட்டால் நாம் சொன்ன பக்கம் ஏறும்.

பூ இல்லாத நாளிலும் பார்க்க அழகு. இலையின் அடியில் காதுமடல் போல இரண்டு துளி இலைகள் ஒட்டியிருக்கும். சிலவற்றில் அதுவும் இராது. இலையைத் திருப்பிப் பார்க்கிறவர்களுக்கே அது தெரியும்.

அகன்ற மண்தொட்டி, செம்மண்ணும் மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்த கலவை, நாள் முழுக்க வெயில்: இவ்வளவு இருந்தால் கொடி பிழைத்துக்கொள்ளும். பூக்க வைப்பதுதான் கலை; அது கத்தரிக்கோலில் இருக்கிறது. முல்லை புதுத்துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய தண்டை வளரவிட்டால் பச்சைப் பந்தல்தான் மிஞ்சும். ஜனவரிக் கடைசி வாரத்தில் தண்ணீரைக் குறைத்து, மண்ணிலிருந்து 45 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, இலைகளையும் உருவிவிட வேண்டும். பாரி தேரையே கொடுத்த கொடியாயிற்றே என்று கை கூசும். கூசினாலும் வெட்டத்தான் வேண்டும். வெட்டுவாய்க்குக் கீழே செந்தளிர் முட்டுவதைப் பார்த்தபின் தயக்கம் போய்விடும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக ரகம் ஒன்றுக்குப் 'பாரி முல்லை' என்று பெயர் வைத்தவர் நல்ல ரசிகராக இருக்க வேண்டும். தளிர் நீண்டதும் புளித்த கடலைப் புண்ணாக்குத் தண்ணீரை நீர்க்க விடலாம். அதிகமானால் இலைதான் கொழுக்கும்.

மூடிய மொட்டில் மணம் இல்லை. பொழுது சாயும்போது இதழ் விரிந்த பிறகே அது வெளியே வரும். மல்லிகையின் மணம் முகத்தில் வந்து மோதும். முல்லையுடையது மெலிந்தது, கொஞ்சம் பச்சை வாடை கலந்தது, இரவு ஏற ஏறக் கனக்கும். எனக்கு அந்த முதல் அரைமணி நேரந்தான் உயர்த்தி.

தலைக்கு வைக்கப் பறிப்பதானால் மாலை விரிவதற்கு முன்பே பறித்துவிட வேண்டும். கொத்தில் நடுமொட்டுத்தான் முதலில் தேறும். வெளுத்துத் திரண்டதை மட்டும் கிள்ள வேண்டும். பச்சை ஓடிய பக்கமொட்டுகள் அடுத்த நாட்களுக்கானவை.