சாங்ஸ் ஆஃப் சைலன்ஸ் (இசைத்தொகுப்பு)

சாங்ஸ் ஆஃப் சைலன்ஸ் என்பது எரேஷர் இசைக்குழுவின் வின்ஸ் கிளார்க் 2023 நவம்பரில் மியூட் நிறுவனத்தின் வழியாக வெளியிட்ட முதல் தனி இசைத்தொகுப்பு ஆகும். டெபெஷ் மோட், யாசூ ஆகிய குழுக்களிலும் துள்ளலான மெட்டுகளுக்குப் பெயர்பெற்ற இவர், இதில் தமக்கு இரண்டு விதிகளை வகுத்துக்கொண்டார்: மின்னணு ஒலிகள் யூரோராக் சிந்தசைசரில் மட்டுமே உருவாக வேண்டும்; ஒவ்வொரு உருப்படியும் ஒரே சுரத்தை ஆதாரமாகக் கொள்ள வேண்டும். இதனால் மெட்டுக்குப் பதிலாக ஒலியின் நிறமே மெல்ல மாறுகிறது.

இவ்விதிகளின் பயன் எல்லா உருப்படிகளிலும் ஒன்றுபோல் இல்லை. கருவி மட்டும் ஒலிக்கும் சில இடங்கள் திரைப்படப் பின்னணி இசையளவில் நின்றுவிடுகின்றன. மாறாக, ‘தி லாமென்டேஷன்ஸ் ஆஃப் ஜெரமையா’வில் ரீட் ஹேஸின் செல்லோவும், ‘பிளாக்லெக்’கில் வேலைநிறுத்தத்தை முறிப்பவரைச் சாடும் பழைய சுரங்கத் தொழிலாளர் பாடலும் நுழையும்போது, அசையாத அந்த ஒற்றைச் சுரம் துயரத்தின் கனத்தைப் பெறுகிறது. மனிதக் கையோ குரலோ வந்து சேருமிடத்தில்தான் இத்தொகுப்பு முழுமை அடைகிறது.