துப்பாக்கியின் கழுத்து

சம்பாவத்தில் நரவேட்டையாடிய பெண்புலியை 1907ஆம் ஆண்டில் கொன்றதற்காக, ஐக்கிய மாகாணத்தின் லெப்டினண்ட் கவர்னராக இருந்த ஸர் ஜான் ஹியூவெட், ஜிம் கார்பெட்டுக்கு ரிக்பி கம்பெனியார் செய்த .275 துப்பாக்கி ஒன்றைப் பரிசளித்தார்; அந்தச் செய்தியைப் பொறித்த சிறு வெள்ளித் தகடு துப்பாக்கியின் மரக்கட்டையிலே பதிந்திருக்கிறது. தகட்டைப் பற்றி எழுதியவர்கள் அநேகர். அது பதிந்திருக்கும் மரத்தைப் பற்றி விசாரித்தவர்கள் மிகச் சிலரே. வேட்டைத் துப்பாக்கிக்கு மரம் தேர்ந்தெடுப்பவர்களிடமும் இதே குணத்தைக் காண்கிறேன். குழலைக் குறித்தும் தோட்டாவைக் குறித்தும் மணிக்கணக்காகத் தர்க்கம் செய்கிறவர்கள், ஒவ்வொரு வெடியின் உதையையும் தாங்கித் தோளில் கொண்டு சேர்க்கும் கட்டையின் முன்னே வந்ததும், அதன் மினுமினுப்பில் மயங்கி வாயடைத்துப் போகிறார்கள்.

வியாபாரிகள் அக்ரூட் பலகைகளை அவற்றில் ஓடும் ரேகைச் சித்திரத்தைக் கொண்டு தரம் பிரித்து, சித்திரம் மிக மிக விலையையும் ஏற்றிக்கொண்டு போவது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நெடுநாளைய சம்பிரதாயம். அக்ரூட்டைத் தேர்ந்தது சரியே. தரம் பிரிக்கும் விதத்தில்தான் எனக்குச் சம்மதமில்லை.

கன அடிக்கு ஏறக்குறைய 40 ராத்தல் எடையுள்ள அந்த மரம், தோளுக்குப் பாரமாகாமலும் அதிர்ச்சிக்கு எளிதில் பிளக்காமலும், பக்குவமாகக் காய்ந்தபின் கோணாமலும், உளிக்கு இணங்கியும் நிற்பது. காகஸஸ் மலைச்சாரலிலும் துருக்கியிலும் விளையும் ஜாதிக்குத் துவாரங்கள் நுண்ணியவையாதலால், கைப்பிடியில் வெட்டும் சிறுசிறு கட்டங்கள் உதிராமல் நிற்கும். அமெரிக்கக் கறுப்பு அக்ரூட் சற்று முரடு. 'தேக்கு இருக்க வேறு மரம் எதற்கு?' என்று நம்மவர் கேட்கக்கூடும். தேக்கு தண்ணீருக்கும் கறையானுக்கும் அஞ்சாதுதான். ஆனால் நார்வாட்டில் பிளக்கும் சுபாவமும், எண்ணெய்ப் பசையினால் வச்சிரம் சரியாக ஒட்டாத குறையும் அதற்கு உண்டு. கதவுக்கு உத்தமம், உதைக்கு ஆகாது.

வேறு மரத்தால் கட்டை செய்யவே முடியாது என்பதில்லை. ஆஸ்திரேலியாவில் லித்கோ தொழிற்சாலையார் என்ஃபீல்டு துப்பாக்கிக்கு மிருதுவான உள்நாட்டு மரத்தை உபயோகிக்க நேர்ந்தபோது, இரும்பு வந்து இடிக்கும் இடங்களிலே செப்புத் தகடுகளை வைத்தார்கள். கல்கத்தாவுக்கு அருகே இச்சாப்பூரிலோ முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணியை ஏற்றினார்கள். மரத்தின் குறையை அறிந்து அதற்குப் பரிகாரம் தேடிய இந்த விவேகம், சித்திரத்துக்கு விலை கொடுக்கிறவர்களிடம் இல்லை.

சித்திரம் எங்கிருந்து வருகிறது? நார் நேராக ஓடுகிற இடத்தில் அது அநேகமாக இராது. வேரை ஒட்டிய அடிமரத்திலும், கிளை பிரியும் கவையிலும், நார்கள் முறுக்கிக்கொண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டும் கிடக்கிற இடங்களிலேதான் கண்ணைப் பறிக்கும் அலைகளும் சுழிகளும் தோன்றுகின்றன. துப்பாக்கிக் கட்டையிலே கைப்பிடிக்கும் இடமாகிய கழுத்தோ மிகவும் மெலிந்தது. அந்த மெலிவிலும் விசைக்கென்றும் இரும்பின் வாலுக்கென்றும் மேலும் கீழும் குடைந்துவிடுகிறார்கள். எஞ்சிய மரத்தில் நார் குறுக்கே ஓடுமானால், கட்டை ஒடிவதற்குத் துப்பாக்கி வெடிக்கக்கூட வேண்டியதில்லை. பாறையில் ஒருதரம் விழுந்தால் போதும். ஆகவே பலகையை வாங்குகிறவர், டர்பெண்டைன் நனைத்த துணியால் அதைத் துடைத்து, கழுத்து அமையப்போகும் இடத்தில் ரேகைகள் கழுத்தின் சாய்வை அநுசரித்து நெடுகப் போகின்றனவா என்று பக்கவாட்டிலும் மேற்புறத்திலும் பார்க்கவேண்டும். சித்திரம் பின்பாதியில் எவ்வளவு இருந்தாலும் இருக்கட்டும். அங்கே மரம் பருமன். கழுத்தில் ஒரு சுழி இருந்தாலும், எத்தனை உயர்ந்த தரமென்று முத்திரை குத்தியிருந்தாலும், நான் அதைத் தொடமாட்டேன். அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்ற பழைய கணக்குப்படி காயாத பலகையும் அப்படியே.

மரத்தின் உண்மையான பலவீனம் ஈரம். மழைக்காலத்தில் முன்கட்டை உப்பிக் குழலை ஒரு பக்கமாக நெருக்கினால், நேற்று வைத்த குறி இன்று தவறும். குழலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு காகிதம் தடையின்றி ஓடும்படி இடைவெளி விடுவது இதற்குத்தான். மெல்லிய மரத் தகடுகளை ஒட்டிச் செய்த அடுக்குக் கட்டையை இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சற்று முன்பே ஜெர்மானியர் தங்கள் ராணுவத் துப்பாக்கிகளுக்குக் கொண்டுவந்தார்கள். அது கனம், அழகும் குறைவு, ஆனால் கோணுவது அபூர்வம். கண்ணாடி நார்க் கட்டைக்கு ஈரக் கவலை இல்லவே இல்லை. ஓயாத மழைக்காட்டில் திரிகிறவர் அவற்றில் ஒன்றை வாங்குவதை ரசனைக் குறைவென்று பரிகசிப்பது வீண் ஜம்பம். மற்றவர்களுக்கு, நேரான ரேகையுள்ள சாதாரண அக்ரூட்டே என் தேர்வு. குளிர்ந்த விடியலில் மரக்கட்டையில் கன்னத்தை வைத்தவருக்குக் காரணம் தெரியும்.

கடைசியாக ஒன்று. வெளிப்புறத்துக்கு மட்டும் மெருகேற்றிவிட்டு உள்ளே வெறும் மரமாக விட்டுவிடுகிற தச்சர்கள் உண்டு. ஈரம் புகும் பெருவாசல் மரத்தின் வெட்டுமுகம். ஆகையால், பணத்தை எண்ணிக் கொடுக்குமுன், தோளில் படும் தகட்டின் திருகாணிகளைக் கழற்றச் சொல்லி, அதன் அடியிலுள்ள மரம் எண்ணெய் குடித்திருக்கிறதா என்று பாருங்கள்.