27ஆம் உறுப்புரையும் பட்டியலில் இல்லாதவர்களும்

யுத்தக் கைதிகள் பற்றிய சர்வதேச விதிகளை அரசுகள் மதிக்கின்றனவா என்ற கேள்வி நம்மிடையே எழும்போதெல்லாம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. அவை வல்லரசுகள் தம் வசதிக்கு எழுதிவைத்த வெறுங் காகிதங்கள் என்பது ஒன்று. ஆதாரங்களைத் திரட்டிக் கொடுத்தால் சர்வதேசம் ஒருநாள் நீதி வழங்கும் என்பது மற்றது. இரண்டையும் நான் சந்தேகத்துடனேயே பார்க்கிறேன். அந்தச் சந்தேகத்தை விளக்கிக்கொள்ள, சட்டநூல்களைவிட ஒரு சினிமாப் படமே எனக்குக் கூடுதலாக உதவியிருக்கிறது. அது டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்'.

ஏழு ஒஸ்கார் பரிசுகள் பெற்ற இப்படம் பியர் பூல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நாவலைத் தழுவியது. கதை நடப்பது சயாமில். படமாக்கப்பட்டது இலங்கையில், கித்துல்கலவில், களனி கங்கைக் கரையில். சிங்கப்பூர் வீழ்ந்தபின் யப்பானியரிடம் கைதியான பிரித்தானியக் கேணல் நிக்கல்சன் தன் படையினருடன் முகாமுக்கு வருகிறார். அதிகாரிகளும் பாலம் கட்டும் உடலுழைப்பில் இறங்க வேண்டுமென்று முகாம் பொறுப்பாளர் சைட்டோ கட்டளையிடுகிறார். நிக்கல்சன் தன்னிடமிருந்த ஜெனீவா உடன்படிக்கைப் பிரதியை எடுத்து 27ஆம் உறுப்புரையைக் காட்டுகிறார். அதே பிரதியால் அவர் முகத்தில் அறைகிறார் சைட்டோ.

படத்தின் முதற்பகுதி இந்த மோதல்தான். தகரக் கொட்டிலுக்குள் வெயிலில் வதங்கியும் நிக்கல்சன் அசையவில்லை. கடைசியில் சைட்டோவே இறங்கி வருகிறார். கைதிகள் ஆர்ப்பரிக்கிறார்கள். சட்டம் வென்றது என்று பார்வையாளரும் மகிழ்கிறார். முதற்தடவை பார்த்தபோது நானும் அப்படித்தான் மகிழ்ந்தேன்.

உடன்படிக்கையை வாசித்த பிறகுதான் இந்த வெற்றியின் விசித்திரம் எனக்கு விளங்கியது. 1929ஆம் ஆண்டின் அந்த உடன்படிக்கையில் 27க்கு நாலு உறுப்புரைகள் தள்ளி 31 இருக்கிறது. யுத்த நடவடிக்கைகளோடு நேரடித் தொடர்புள்ள வேலைகளைக் கைதிகளைக் கொண்டு செய்விக்கக் கூடாது என்கிறது அது. சயாம்-பர்மா ரயில் பாதையோ பர்மாப் போர்முனைக்கு ஆளும் ஆயுதமும் அனுப்புவதற்கென்றே போடப்பட்டது. ஆக, ஒரு சாதாரணச் சிப்பாயைக்கூட அந்தப் பாலத்தில் வேலை வாங்கியிருக்கக் கூடாது. அதிகாரியின் கைகளைக் காக்கும் விதிக்காக உயிரை விடவும் துணியும் நிக்கல்சன், சிப்பாயின் முதுகைக் காக்கும் விதியைப் பற்றி வாய் திறப்பதில்லை. பின்னர் பாலத்தின்மீது தனக்கே மோகம் பிடித்ததும் அதிகாரிகளையும் நோயாளிகளையும் அவரே வேலைக்கு இறக்குகிறார். விதி என்பது யாருக்கு எந்தப் பக்கத்தில் திறக்கிறது என்பதை இப்படம் தெரிந்தோ தெரியாமலோ காட்டிவிடுகிறது. அந்த அளவில் அது நல்ல படம்.

வரலாற்றில் அந்த வெற்றிகூடக் கிடைக்கவில்லை. 1943இல் அதிகாரிகளும் பாதை வேலைக்கு இறக்கப்பட்டார்கள். 415 கிலோமீற்றர் நீளமான அந்தப் பாதையில் வேலை செய்த சுமார் 60,000 நேசநாட்டுக் கைதிகளில் 12,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

படம் தவறுவது இரண்டு இடங்களில். முதலாவது, விதி மீறலை அது யப்பானியப் பண்பாட்டின் காரியமாக்கிவிடுகிறது. சரணடைபவனை இழிவாகக் கருதும் வீரமரபு ஒருபுறம், விதிகளை நம்பும் ஆங்கிலக் கனவான் மறுபுறம். ஆனால் 1904-05 யுத்தத்தில் ரஷ்யக் கைதிகளை மரியாதையாக நடத்தியதும் இதே யப்பான்தான். முதலாம் உலக யுத்தத்தின்போது அது பிடித்து வைத்திருந்த ஜேர்மன் கைதிகள், பண்டோ முகாமில் 1918 ஜூனில் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை இசைத்தார்கள். ஐரோப்பிய வல்லரசுகளுக்குச் சமமாக ஏற்கப்பட வேண்டுமென்று யப்பான் விரும்பிய காலம் அது. அந்த விருப்பம் போன பிறகு 1929 உடன்படிக்கையில் கையொப்பமிட்டும் அதை உறுதிப்படுத்தாமல் விட்டது. 1941இல் சரணடைதலையே தடைசெய்யும் ஒழுக்கக் கோவையைத் தன் படையினருக்கு வழங்கியது. மாறியது பண்பாடு அல்ல, அரசியல் தேவை.

ஜேர்மனியைப் பாருங்கள். தோக்கியோ நீதிமன்றத்தின் கணக்குப்படி, ஜேர்மனியிடமும் இத்தாலியிடமும் பிடிபட்ட அமெரிக்க, பிரித்தானியக் கைதிகளில் இறந்தவர்கள் 4 வீதம். யப்பானிடம் 27 வீதம். அப்படியானால் ஜேர்மனி விதியை மதித்தது என்று சொல்லலாமா? அதே ஜேர்மனியிடம் பிடிபட்ட சுமார் 57 இலட்சம் சோவியத் படையினரில் ஏறத்தாழ 33 இலட்சம் பேர் இறந்தார்கள். சோவியத் யூனியன் அந்த உடன்படிக்கையில் சேரவில்லை என்பதே சொல்லப்பட்ட சாட்டு. உடன்படிக்கை இல்லாவிடினும் பொதுவான யுத்த விதிகள் கட்டுப்படுத்தும் என்று இராணுவப் புலனாய்வுத் தலைவர் கனாரிஸ் 1941 செப்டெம்பரில் எச்சரித்தார். கைற்றல் அதை நிராகரித்தார். ஒரே அரசு, ஒரே இராணுவம், ஒரே யுத்தம். மேற்கத்தையக் கைதிகள் விடயத்தில் பதிலுக்குப் பதில் என்ற அச்சம் இருந்தது. சோவியத் கைதிகளை மனிதராகக் கணக்கெடுப்பதில்லை என்று முதலே முடிவாகியிருந்தது.

அரசுகள் விதியைப் பகிரங்கமாக மீறுவது குறைவு என்றே எனக்குப் படுகிறது. அவை ஆளின் பெயரை மாற்றுகின்றன. 1945இல் அமெரிக்கர் தம்மிடம் சரணடைந்த ஜேர்மனியரில் பெருந்தொகையினரை 'ஆயுதம் களையப்பட்ட எதிரிப் படைகள்' என்றார்கள். பிரித்தானியர் தென்கிழக்காசியாவில் 'சரணடைந்த யப்பானிய ஆளணியினர்' என்றொரு வகையை உண்டாக்கி, அதில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோரை 1947 வரை வேலைக்கு வைத்திருந்தார்கள். கைதி என்றால் உணவும் ஊதியமும் விடுதலையும் விதிப்படி கொடுக்க வேண்டியிருக்கும். நிக்கல்சனின் இராணுவம் யுத்தம் முடிந்ததும் செய்தது இது. 2002 பெப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி புஷ் குவாண்டனாமோவில் அடைக்கப்பட்டிருந்த தலிபான்களும் அல்கைதாவினரும் யுத்தக் கைதிகள் அல்லர் என்று முடிவெடுத்தபோது புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

படம் தவறும் இரண்டாவது இடம் நமக்கு இன்னும் நெருக்கமானது. அந்த ரயில் பாதையில் கைதிகளைவிடப் பலமடங்கு அதிகமாக வேலை செய்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள்: பர்மியர், மலாயர், யாவாவினர், சீனர், மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர். மதிப்பீடுகள் 180,000க்கு மேல் என்கின்றன. இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பான்மையினர் தமிழர். நல்ல கூலி, குறுகிய கால வேலை என்று முதலில் ஆசை காட்டினார்கள். ஆட்கள் போதாதபோது வளைத்துப் பிடித்தார்கள். இலவசப் படக்காட்சி என்று கூட்டிக் கதவைப் பூட்டி ஆள் பிடித்ததாகவும் நினைவுப் பதிவுகள் உண்டு. 1943இல் வாந்திபேதி பரவியபோது கைதிகளுடன் அவர்களின் இராணுவ வைத்தியர்களும் கட்டுக்கோப்பும் இருந்தன. தோட்டத்திலிருந்து போனவர்களிடம் அப்படி எதுவும் இருக்கவில்லை.

லீனின் படத்தில் இவர்கள் இல்லை. இரண்டே முக்கால் மணிநேரத்துக்கு அந்தக் காட்டில் வெள்ளையரும் யப்பானியரும் கொள்கைக்காக மோதுகிறார்கள்; சயாமியப் பெண்கள் சிலர் சுமை தூக்கி வருகிறார்கள். நிக்கல்சன் நீட்டிய அந்தப் பிரதியிலும் இவர்களுக்கு ஓர் உறுப்புரை இருக்கவில்லை. அவர்கள் படையினர் அல்லர்; ஆகவே கைதிகள் அல்லர். இந்த இல்லாமை யுத்தத்துக்குப் பின்னரும் தொடர்ந்தது. 1951 சென் பிரான்சிஸ்கோ சமாதான உடன்படிக்கையின் 16ஆம் உறுப்புரை, நடுநிலை நாடுகளிலிருந்த யப்பானியச் சொத்துகளிலிருந்து முன்னாள் யுத்தக் கைதிகளுக்கு நட்டஈடு வழங்க வழிசெய்தது. பிரித்தானிய அரசு 2000ஆம் ஆண்டில் யப்பானிடம் கைதியாக இருந்த தன்னவர்களுக்குத் தலா 10,000 பவுண் கொடுத்தது. அந்தப் பணம் நியாயமானதே. ஆனால் அதே தண்டவாளத்துக்குக் கட்டை சுமந்த தோட்டத் தொழிலாளியின் விதவை இந்த இரண்டு ஏற்பாடுகளிலும் இல்லை.

இந்த இடத்தில் நம்மைப் பற்றிப் பேசாமல் விடுவது நேர்மையல்ல. 1949 ஜெனீவா உடன்படிக்கைகளின் பொதுவான 3ஆம் உறுப்புரை உள்நாட்டு யுத்தத்தில் ஆயுதத்தைக் கீழே வைத்தவரையும் மனிதராக நடத்தச் சொல்கிறது. ஆனால் யுத்தக் கைதி என்ற பெயரைத் தருவதில்லை. 1990 ஜூனில் கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸாரைப் புலிகள் கொன்றார்கள். அப்போது நம்மில் எத்தனை பேர் அந்த உறுப்புரையை நினைத்தோம்? 2009 மே மாதத்தில் அரசு தன்னிடம் அகப்பட்ட 11,000க்கு மேற்பட்டோரைச் 'சரணடைந்தோர்' என்று பெயரிட்டுப் 'புனர்வாழ்வு' முகாம்களுக்கு அனுப்பியது. 1945இன் பிரித்தானியச் சொற்பிரயோகம் அப்படியே திரும்பி வந்தது. உறவினர் கண்முன்னே இராணுவத்திடம் கையளிக்கப்பட்ட வேறு பலர் எங்கே என்பதற்குப் பதில் இல்லை. 2017இல் தெருவோரத்தில் கொட்டகை போட்டு உட்கார்ந்த தாய்மார் கேட்டவற்றில் ஒன்று, சரணடைந்தோரின் பட்டியல்.

அந்தத் தாய்மார் விடயத்தின் மையத்தைத் தொட்டார்கள் என்று நினைக்கிறேன். ஜெனீவா விதிகளில் அரசுகள் கூடுதலாக அஞ்சுவது, கைதியின் பெயரைப் பதிந்து எதிர்த்தரப்புக்கும் செஞ்சிலுவைக்கும் அறிவிக்க வேண்டும் என்ற விதிக்குத்தான். பட்டியலில் ஏறியவன் செத்தால் கணக்குக் கேட்கலாம். பட்டியல் இருந்ததனால்தான் 27 வீதம் என்று ஒரு நீதிமன்றத்தால் சொல்ல முடிந்தது. ஆகவே இவ்விதிகள் வெறுங் காகிதம் என்று சொல்லும் நண்பர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. தாமாக நீதி தரும் என்று காத்திருப்பவர்களோடும் உடன்பட முடியவில்லை. மீறியவர்களிடம் நிக்கல்சனைப் போலப் பிரதியை நீட்டிக்கொண்டு நிற்பதைவிட, பெயர் மாற்றப்பட்டவர்களின் உண்மைப் பெயர்களைத் திரட்டுவது முந்திய வேலை. அந்த வேலையில் நம் தரப்புக் கொன்றவர்களின் பெயர்களும் சேரவேண்டும்.

காஞ்சனபுரியில் யுத்தக் கைதிகளின் மயானத்தில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும் வயதும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நம் தொழிலாளருக்கு அப்படியொரு வரிசை இல்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற நாவல்கள் இருக்கின்றன. தகப்பன் சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை என்று சொல்லும் முதியவர்கள் மலேசியாவில் சிலராவது இருப்பார்கள். அவர்களிடம் பெயர் கேட்டு எழுத நமக்கு எந்த உடன்படிக்கையும் தேவையில்லை.