வேதாளத்தின் கேள்வியும் அரசனின் மறுமொழியும்

மாயாஜாலக் கதைகளைக் கிறிஸ்தவப் பிள்ளைகள் படிக்கலாமா என்பது பெற்றோர் தம் பங்குத்தந்தையரிடம் அடிக்கடி எழுப்பும் வினா. இதனை அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது. திண்டுக்கல்லை அடுத்த ஆத்தூர்ப் பகுதிச் சிற்றூர்களில் செய்வினைக்கு அஞ்சித் தாயத்துக் கட்டும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், மறைவான ஆற்றல்களை வசப்படுத்திப் பிறரை ஆள முயலும் மந்திரச் செயல்களைத் திட்டவட்டமாக விலக்குகிறது (எண் 2117). ஆயினும் இவ்விலக்கின் காரணத்தை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அங்கே கண்டிக்கப்படுவது ஆதிக்க வேட்கை. ஆதலால் இத்தகைய கதை எதைக் கையிலெடுத்தாலும், ஆற்றல் கிட்டியபோது அதன் மாந்தர் அதை என்ன செய்தனர் என்றே முதலில் கேட்க வேண்டும்.

இவ்வுரைகல்லில் நம் மண்ணின் கதையொன்றை உரைத்துப் பார்ப்போம். நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 1947-இல் சென்னையில் தொடங்கிய 'அம்புலிமாமா', பல தலைமுறைத் தமிழ்ச் சிறுவர்க்கு விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் அறிமுகப்படுத்திற்று. கையில் வாளும் தோளில் பிணமுமாக நள்ளிரவில் நடக்கும் அரசனைத் தீட்டியவர் 2020-இல் மறைந்த ஓவியர் சங்கர். பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்திலேயே இடம்பெற்ற இவ்வரிசை, இதழில் புதிய கதைகளும் சேர்ந்து பல்லாண்டு நீண்டது.

இதன் அமைப்பு எளியது. ஒரு துறவிக்கு வாக்களித்தபடி அரசன் பிணத்தைச் சுமந்து வருகிறான். வழியில் பேசலாகாது. பிணத்துள் உறையும் வேதாளம் கதை சொல்லி, இறுதியில் ஒரு வழக்கை முன்வைக்கிறது. விடை தெரிந்தும் வாய் திறவாவிடில் அவன் தலை வெடித்துவிடும். பேசினாலோ வேதாளம் மீண்டும் முருங்கைமரம் ஏறிவிடும். நாம் இப்பழமொழியை வேதாளத்தின் பிடிவாதத்துக்கே எடுத்துக்காட்டாக வழங்குகிறோம்; அரசனின் நேர்மையை மறந்துவிடுகிறோம். ஒவ்வொரு முறையும் அவன் நீதியான விடையைக் கூறுகிறான். அதனால் கைக்கு எட்டியதை இழக்கிறான். மீண்டும் மரத்தடிக்கே திரும்பிச் செல்கிறான். மனச்சான்றின்படி நடப்பவன் உலகியல் இலாபத்தை இழக்க நேரிடும் என்ற கடிய பாடத்தை இதனினும் இனிமையாகச் சிறுவர்க்குச் சொல்ல இயலுமா?

கடைசிக் கதை இன்னும் ஆழமானது. தந்தை மகளையும் மகன் தாயையும் மணந்தால் அவர்தம் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு? அரசனுக்கு விடை தெரியவில்லை. உண்மையாகவே மௌனம் காக்கிறான். அப்போதுதான் வேதாளம் அவனுக்குத் துணையாகி, துறவி அவனைப் பலியிடச் செய்துள்ள சூழ்ச்சியை வெளிப்படுத்துகிறது. தெரிந்தும் மறைக்கும் மௌனம் தலையைச் சிதறடிக்கும். அறியாமையை ஏற்கும் மௌனம் உயிரைக் காக்கும். அறிவின் எல்லையை உணர்ந்த இடத்தில் மீட்பு எதிர்கொள்கிறது. இறையியல் மாணவரும் நின்று சிந்திக்க வேண்டிய இடம் இது.

அரசனின் விடைகள் அனைத்தையும் நாம் ஏற்க வேண்டுவதில்லை. தலைகள் மாறிப்போன இருவருள் பெண்ணுக்குக் கணவன் யார் என்ற வழக்கில், உறுப்புகளுள் தலையே முதன்மையானது என்று அவன் தீர்ப்பளிக்கிறான். உடலின் உயிர்ப்பை அறிக்கையிடும் நமக்கு இது போதாது. ஆன்மா உடல் முழுவதற்கும் வடிவம் தருவது என்பது புனித தாமஸ் அக்குவினாசின் போதனை. ஜெர்மானிய நாவலாசிரியர் தாமஸ் மன் 1940-இலும், கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கர்னாட் 1971-இல் 'ஹயவதன'த்திலும் இவ்வழக்கை மீண்டும் விசாரணைக்கு எடுத்தது தற்செயலன்று. மேலும், பெண்ணை வீரத்தின் பரிசுப்பொருளாக்குவதும், அழகை நற்குணத்தோடும் அருவருப்பைத் தீமையோடும் பிணைப்பதும் இக்கதைகளில் பரவலாகக் காணும் குறைகள். பெற்றோர் இவற்றைச் சுட்டிக்காட்டாமல் விடலாகாது.

வளரிளம் பருவத்தினர் விரும்பிப் படிக்கும் ஹாரி பாட்டர் நூல்கள் (1997–2007) ஏழும் மந்திரக்கோல்களால் நிறைந்தவை. ஆயினும் முடிவில் ஹாரி, பிறருக்காகச் சாகத் துணிந்து தானே காட்டுக்குள் செல்கிறான். யாராலும் வெல்லற்கரிய மந்திரக்கோல் உரிமையானபோதும் அதைத் தனக்கென வைத்துக்கொள்ளவில்லை. அவன் பெற்றோரின் கல்லறையில் பொறிக்கப்பட்டிருப்பது, சாவு அழிக்கப்படும் என்று பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய வாக்கே.

முதிர்ந்தோர்க்குரியது கத்தோலிக்கரான டோல்கீனின் 'மோதிரங்களின் தலைவன்' (1954–55). தம் படைப்பு அடிப்படையில் கத்தோலிக்கத் தன்மையுடையது என்று 1953-இல் இயேசு சபையைச் சேர்ந்த ஒருவருக்கு அவர் எழுதினார். பேராற்றல் தரும் மோதிரத்தை எரிமலையில் எறிந்து அழிப்பதே கதைத்தலைவன் ஃபுரோடோவின் பணி. இறுதி நொடியில் அவன் மனம் தோற்கிறது, மோதிரத்தைத் தனதென்கிறான். முன்னர் இரக்கப்பட்டு உயிரோடு விடப்பட்ட கோலம் என்னும் இழிந்தவன் அதைப் பறித்துக்கொண்டு நெருப்பில் விழ, மோதிரம் அழிகிறது. மனித உறுதி முறிந்த இடத்தில் முன்பு காட்டிய இரக்கம் மீட்பாகிறது. அந்த நாள் மார்ச் 25. கிறிஸ்து பிறப்பு அறிவிப்புப் பெருவிழா நாள்.

பாலைநிலத்தில் அலகை ஆண்டவர்முன் வைத்தவையும் இத்தகைய ஆற்றல்களே: கல்லை அப்பமாக்குதல், கோவில் உச்சியிலிருந்து குதித்தல், உலக அரசுகள் அனைத்தையும் பெறுதல். மூன்றையும் அவர் மறுத்தார். அம்மறுப்பின் எதிரொலி எந்தக் கதையில் கேட்கிறதோ, அதைப் பிள்ளைகள் படிப்பதற்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை. ஆற்றலைப் பெற்றுப் பகைவரை வீழ்த்துவதே இன்பம் என்று முடியும் கதையில் மந்திரமே இல்லாவிடினும், அது அஞ்சத்தக்கதே.

எனவே பெற்றோரே, புத்தகத்தைப் பறித்து வைப்பதற்கு முன் பிள்ளையோடு அமர்ந்து அதைப் படியுங்கள். முடிந்ததும் வேதாளத்தைப் போல ஒரு கேள்வி கேளுங்கள். பிள்ளையின் விடையைப் பொறுமையோடு செவிமடுங்கள். உங்களுக்கே விடை தெரியாதபோது தெரியாது என்று சொல்லுங்கள்.