கொல்லைன்னா வயலா, வீட்டுப் பின்பக்கமா?

எங்கள் சேத்தியாத்தோப்பில் 'கொல்லை'க்கு ரெண்டு அர்த்தம். மேற்கே விருத்தாசலம் பக்கம் போனால் அது புன்செய் நிலம்; முந்திரியும் மல்லாட்டையும் விளையுற இடம். தெற்கே டெல்டாவுக்குள் போய்விட்டால் வீட்டுக்குப் பின்பக்கம். அங்கே 'கொல்லைக்குப் போறேன்' என்றால் வேற வேலை. அம்மா விருத்தாசலம் பக்கம். கல்யாணமான புதுசில் பிறந்த வீட்டுக்குப் போய்த் திரும்பி, "விடிஞ்சதுலேருந்து கொல்லையிலதான் கெடந்தேன்"னு அலுத்துக்கொள்ள, காட்டுமன்னார்கோயில்காரரான அப்பாயி பதறிப்போய் கஷாயம் வைத்துக் கொடுத்தாராம்.

கண்மணி குணசேகரனின் 'நடுநாட்டுச் சொல்லகராதி'யை (தமிழினி, 2007) நான் வாங்கினதுக்கு இந்தக் கஷாயம்தான் காரணம். அவர் ஊர் விருத்தாசலத்தை அடுத்த மணக்கொல்லை. பேரிலேயே கொல்லை இருக்கு. பிழைப்பு அரசுப் பேருந்து பணிமனையில் மெக்கானிக். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 தொடங்கி 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது; குழு, நிதி, அலுவலகம் எல்லாம் இருந்தது. வட்டார அகராதியோ தனியாள் பாடு. 1982-இல் கரிசலுக்கு கி.ரா., 2000-இல் கொங்குக்குப் பெருமாள்முருகன், பிறகு இவர். மூவருமே கதை எழுதுறவங்க என்பது தற்செயல் இல்லை. ஆள் பேசுறதை அப்படியே எழுதணும்னு உட்கார்ந்தவனுக்குத்தான் அகராதியில் அந்தச் சொல் இல்லாதது உறைக்கும்.

ஆங்கிலத்தில் கொச்சைச் சொல் தொகுத்த எரிக் பார்ட்ரிட்ஜும் தனியாள்தான். ஆனால் அவர் பிரிட்டிஷ் மியூசியம் வாசகசாலையில் உட்கார்ந்து, அச்சில் வந்ததை வைத்து வேலை செய்தவர். அவர் அகராதி 1937-இல் வந்தது. அவருக்குப் பின் வந்த ஜொனாதன் கிரீன் 2010-இல் மூன்று தொகுதி போட்டார். ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டு போட்ட மேற்கோள் வரிசை. எந்தச் சொல் எப்போது, யார் எழுத்தில் வந்தது என்று பார்த்துக்கொள்ளலாம்.

நம் வட்டார அகராதிகளில் எனக்குக் குறையாகப் படுவது இதுதான். சொல்லும் பொருளும் கிடைக்குது; காலமும் இடமும் கிடைக்கறதில்லை. மல்லாட்டையையே எடுத்துக்குங்க. மணிலாக்கொட்டை, மல்லாக்கொட்டை, மல்லாட்டை என்று தேய்ந்து வந்த சொல் அது. தென்னமெரிக்கப் பயிர் பிலிப்பைன்ஸ் தலைநகரின் பேரோடு நம்ம செம்மண்ணுக்கு வந்திருக்கு. எந்தத் தலைமுறை மணிலாவை மறந்தது? பொருள் மட்டும் சொன்னால் 'நிலக்கடலை'யோடு பேச்சு முடிந்துவிடும்.

சம்பள வேலைக்கு நடுவே ஒருத்தர் இதையும் செய்திருக்க முடியுமா? நியாயமான கேள்விதான். ஆனால் மேற்கோள்களை அவரே வேறொரு இடத்தில் வைத்திருக்கிறார் என்பது என் கட்சி. 'அஞ்சலை' 1999-லேயே வந்துவிட்டது. மாப்பிள்ளையை மாற்றிக் காட்டி ஏமாற்றிக் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்ணின் கதை. ஒரு வசவுக்கு அகராதி பொருள் சொல்லும். அது தெருவில் வைத்துச் சொல்லப்படும்போது யார் மேல், எப்படி விழுகிறது என்பது நாவலில்தான் தெரியும். பணிமனைப் பேச்சுக்கு 'நெடுஞ்சாலை' இருக்கு. பார்ட்ரிட்ஜ் தேடியலைந்தது இந்த மாதிரித் தொழிலாளர் பேச்சைத்தான். அது நடுநாடு என்ற வேலிக்குள் அடங்குகிற சரக்கும் இல்லை. அகராதியைத் தனியாகப் படிக்காதீங்க. பக்கத்தில் நாவலை வைத்துக்கொண்டு படிங்க.

நடுநாடும் ஒரே ஊர் இல்லை. ஒருநாள் அம்மாவிடம் அகராதியைச் சொல் சொல்லாக வாசித்துக் காட்டினேன். பாதிக்குச் சிரிப்பு, சிலதுக்கு "சீ, அத ஏன்டா சத்தமா படிக்கிற". ஒரு இடத்தில் மட்டும் கையைக் காட்டி நிறுத்தினார். "இது நாங்க சொல்றதில்ல. ஆத்துக்கு வடக்க உள்ளவங்க சொல்றது."

அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் 'வெள்ளாற்றுக்கு வடக்கே' என்று குறித்து, கீழே அம்மாவின் வயதையும் எழுதி வைத்தேன். இப்போது 'ச' வரைக்கும் வந்திருக்கிறோம்.