‘இரு’ என்னும் துணைவினையும் ஸ்பானிய நிகழ்கால நிறைவு வடிவமும்: தொடக்கநிலைப் பயணப் பாடங்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

0. முன்னுரை

ஸ்பானிய மொழியைப் புதிதாகக் கற்போர்க்கென எழுதப்படும் பாடநூல்களில் பயணம் பற்றிய பாடம் தவறாமல் இடம்பெறுகிறது. பயணச்சீட்டு, பெட்டி, தங்கும் அறை முதலியவற்றுக்கான சொற்களைக் கற்பித்தபின், அப்பாடத்திலோ அதனை அடுத்தோ நிகழ்கால நிறைவு வடிவம் பெரும்பாலும் அறிமுகமாகிறது. இவ்விணைப்பு பொருத்தமானதே. பயணி சொல்ல வேண்டிய செய்திகளுள் பல, செயல் முடிந்து அதன் விளைவு மட்டும் எஞ்சி நிற்பவை: கடவுச்சீட்டு தொலைந்துவிட்டது, வண்டி போய்விட்டது, அறை முன்பதிவு செய்திருக்கிறேன்.

நம் நாட்டில் இப்பாடம் பெரும்பாலும் ஆங்கில இலக்கணத்தின் வழியாகவே கற்பிக்கப்படுகிறது. இதனால் தமிழ் மாணவர் தம் தாய்மொழியைக் கொண்டு எளிதில் பெறக்கூடியதை அரிதென்றும், உண்மையில் அரிதாக உள்ளதை எளிதென்றும் கருத நேர்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. பாடநூல் ஒவ்வொன்றையும் தனித்தனியே குறைகூறுவது இங்கு நோக்கமன்று. அவற்றிற்குப் பொதுவான விளக்கமுறையே ஆராயப்படுகிறது.

ஸ்பானிய எடுத்துக்காட்டுகள் ஒலிப்பை ஒட்டித் தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன. சொன்முதல் ஒலிப்புடை ஒலிகளைத் தமிழ் எழுத்து காட்டாது. ஆயினும் உயிர்களுக்கிடையே வரும் தகரம் ‘அது’ என்பதில் ஒலிப்பது போன்றே ‘பெர்திதோ’ என்னும் ஸ்பானியச் சொல்லிலும் ஒலிக்கிறது. இதனை ஆங்கில எழுத்தின் வழி கற்ற மாணவர் டகரமாக ஒலிப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

1. வடிவ ஒப்புமை

ஸ்பானிய நிறைவு வடிவம் ‘அபேர்’ என்னும் துணைவினையின் நிகழ்கால வடிவமும் முதன்மை வினையின் இறந்தகால எச்சமும் சேர்ந்து அமைவது.

(1) எ யெகாதோ - வந்திருக்கிறேன்

தமிழில் எச்சம் முன்னும் துணைவினை பின்னும் நிற்கின்றன. ஸ்பானியத்தில் இவ்வரிசை தலைகீழாகிறது. இரு மொழிகளிலும் காலமும் இடமும் துணைவினையின்மீதே ஏறுகின்றன. எச்சம் மாறாது நிற்கிறது. வரிசையை மாற்றிக்கொண்டால் தமிழ் மாணவர்க்கு இவ்வமைப்பில் புதுமை ஏதுமில்லை.

ஆனால் பாடநூல்கள் ‘அபேர்’ என்பதற்கு ஆங்கிலத்தின் உடைமை வினையையே பொருளாகத் தருகின்றன. வரலாற்று நோக்கில் இது தவறன்று. இலத்தீன மொழியின் உடைமை வினையிலிருந்தே ‘அபேர்’ பிறந்தது. எனினும் இன்றைய ஸ்பானியத்தில் உடைமையைக் குறிப்பது ‘தெனேர்’ என்னும் வேறொரு வினை. ஆங்கில விளக்கத்தை நம்பும் மாணவர், ‘எ பெர்திதோ எல் பசபோர்த்தே’ (கடவுச்சீட்டைத் தொலைத்துவிட்டேன்) என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘தெங்கோ பெர்திதோ’ என்று எழுதுகின்றனர். என் வகுப்புகளில் மீண்டும் மீண்டும் கண்ட பிழை இது.

இப்பிழையைத் தவிர்க்கும் வழி அதே பயணப் பாடத்திலேயே உள்ளது. விடுதியில் பயணி முதலில் கேட்கும் கேள்வி இது:

(2) ஆய் அபித்தசியோனெஸ்? - அறைகள் இருக்கின்றனவா?

இங்குள்ள ‘ஆய்’ என்பது ‘அபேர்’ வினையின் வடிவமே. ஆகவே ‘அபேர்’ ஓரிடத்தில் இருப்பை உணர்த்துகிறது. மற்றோரிடத்தில் நிறைவைக் காட்டும் துணைவினையாகிறது. தமிழ் ‘இரு’ செய்யும் பணியும் இவ்விரண்டுமே. ‘அறை இருக்கிறது’ என்பதையும் ‘வந்திருக்கிறேன்’ என்பதையும் ஒரே வினையால் சொல்லிப் பழகிய மாணவரிடம், இவ்விரண்டையும் தொடர்பற்ற இரு பாடங்களாகப் பிரித்துக் கற்பிப்பது வீண்சுமை. இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. ‘வங்கி சதுக்கத்தில் இருக்கிறது’ என இடம் சுட்டும் ‘இரு’வுக்கு ஸ்பானியத்தில் ‘எஸ்தார்’ என்னும் வேறு வினை வரும். எல்லையைச் சொல்லிக் கற்பித்தால் ஒப்புமை கெடுவதில்லை.

‘தெனேர்’ என்பதற்கும் தமிழில் இணை உண்டு:

(3அ) எ ரெசெர்வாதோ உனா அபித்தசியோன் - ஓர் அறை முன்பதிவு செய்திருக்கிறேன்
(3ஆ) தெங்கோ ரெசெர்வாதா உனா அபித்தசியோன் - ஓர் அறை முன்பதிவு செய்து வைத்திருக்கிறேன்

(3ஆ)வில் எச்சம் செயப்படுபொருளின் பாலுக்கு ஏற்ப ‘ரெசெர்வாதா’ எனத் திரிகிறது, (3அ)வில் திரிவதில்லை. ‘வைத்திரு’ என்பது செயலின் பயன் பேசுவோர் கைவசம் உள்ளதைக் குறிக்கும். கடவுச்சீட்டைப் ‘பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்’ எனலாம். ‘தொலைத்து வைத்திருக்கிறான்’ என்பதோ கடிந்துரைக்கும்போது மட்டுமே பொருந்தும். ‘தெங்கோ பெர்திதோ’ பொருந்தாமைக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தமிழ் மாணவர்க்குத் தேவையில்லை.

2. பொருட் பகுப்பு

பெர்னார்ட் காம்ரி 1976இல் வெளியிட்ட வினைநோக்கு பற்றிய நூலில் நிறைவின் பொருளை நான்காகப் பகுத்தார்: விளைவு, பட்டறிவு, தொடர்ச்சி, அண்மை. இப்பகுப்பைக் கொண்டு மும்மொழிகளையும் ஒப்பிடலாம்.

விளைவுப் பொருளில் ஸ்பானியத்தின் ஒரு வடிவத்திற்குத் தமிழில் இரு வடிவங்கள் போட்டியிடுகின்றன. ‘யா ஆ சலிதோ எல் த்ரென்’ என்பதற்கு ‘ரயில் புறப்பட்டுவிட்டது’ என்பதே இயல்பான தமிழ். ‘புறப்பட்டிருக்கிறது’ என்றால் நேரில் காணாமல் உய்த்துணர்ந்தோ கேட்டறிந்தோ சொல்வதாகப் பொருள்படக்கூடும். ‘இரு’, ‘விடு’ ஆகிய துணைவினைகளின் செயற்பாட்டை இ. அண்ணாமலையின் நூலும் (1985) தாமஸ் லெஹ்மனின் தற்காலத் தமிழ் இலக்கணமும் (1989) ஆராய்ந்துள்ளன. அயன்மொழி கற்பிப்போர் அவ்வாய்வுகளைப் பயன்கொள்ளவில்லை என்பதே குறை.

பட்டறிவுப் பொருளில் மும்மொழிகளும் ஒத்துச் செல்கின்றன:

(4) ஆ எஸ்தாதோ உஸ்தேத் அல்குனா வெஸ் என் மத்ரித்? - நீங்கள் எப்போதாவது மாட்ரிட்டுக்குப் போயிருக்கிறீர்களா?

தொடர்ச்சிப் பொருளில் தமிழும் ஸ்பானியமும் ஓரணியில் நிற்க, ஆங்கிலம் விலகுகிறது:

(5) விவோ அக்கீ தெஸ்தே ஆசே த்ரேஸ் ஆன்யோஸ் - மூன்று ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன்

இரண்டிலும் வருவது நிகழ்காலம். ஆங்கிலம் இங்கு நிறைவு வடிவத்தை வேண்டும். தமிழ்வழி சிந்தித்திருந்தால் பிழை நேராத இடத்தில், ஆங்கிலவழி சிந்திப்பதால் மாணவர் இடறுகின்றனர்.

அண்மைப் பொருளே உண்மையில் அரிதானது. ஸ்பெயினின் பெரும்பகுதியில் இன்றைய நாளுக்குள் நிகழ்ந்ததை நிறைவு வடிவத்தால் சொல்வது வழக்கம்:

(6) ஓய் எ யெகாதோ ஆ லாஸ் ஓச்சோ - இன்று எட்டு மணிக்கு வந்தேன்

மணியைச் சுட்டிய பின் நிறைவு வடிவம் வரலாகாது என்பது ஆங்கில விதி. அவ்விதியை மனத்தில் கொண்ட மாணவர் (6)ஐப் பிழையெனத் திருத்தவும் முற்படுவர். தமிழும் இங்குத் துணைசெய்யாது. எளிய இறந்தகாலமே நமக்கு இயல்பு. ஆகவே பயிற்சி மிகுதியாக வேண்டிய இடம் இதுவே.

3. எதிர்மறை

உடன்பாட்டில் தெளிவாகப் பிரிந்து நிற்கும் தமிழ் வடிவங்கள் எதிர்மறையில் பெரிதும் ஒன்றாகின்றன. ‘வந்தது’, ‘வந்துவிட்டது’ இரண்டற்கும் ‘வரவில்லை’ என்பதே பொது எதிர்மறை. எனவே ‘பேருந்து வரவில்லை’ என்னும் தொடரை ஸ்பானியத்தில் எளிய இறந்தகாலத்தால் சொல்வதா, நிறைவு வடிவத்தால் சொல்வதா என்பதை வினையைக் கொண்டு முடிவுசெய்ய இயலாது. அதனை முடிவுசெய்ய உதவுவது ‘இன்னும்’ என்னும் அடை. ‘தொதவியா நோ ஆ யெகாதோ’ என்பது ‘இன்னும் வரவில்லை’ என்பதற்கு நேர். ‘யா - விட்டது’, ‘தொதவியா நோ - இன்னும் இல்லை’ என்னும் இணைகளைப் பாடத்தின் தொடக்கத்திலேயே கற்பித்தல் நலம். பல பாடநூல்களில் இவ்வடைகள் பட்டியலின் இறுதியிலேயே வருகின்றன.

4. வட்டார வேறுபாடு

பயணச் சொற்களில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு என்பதைப் பாடநூல்கள் மறைப்பதில்லை. பயணச்சீட்டு ஸ்பெயினில் ‘பியெத்தே’; மெக்சிக்கோவில் ‘பொலெத்தோ’. பேருந்து பொதுவில் ‘ஔதொபூஸ்’ எனினும், மெக்சிக்கோவில் ‘கமியோன்’, கியூபாவிலும் கனேரித் தீவுகளிலும் ‘குவாகுவா’, அர்ஜென்டினாவில் ‘கொலெக்தீவோ’. பேருந்தில் ஏறிச் செல்வதற்கு ஸ்பெயினில் இயல்பாக வழங்கும் ‘கொஹேர்’ என்னும் வினை மெக்சிக்கோவிலும் அர்ஜென்டினாவிலும் இடக்கராகிவிடும். அங்கே ‘தொமார்’ என்றே சொல்ல வேண்டும்.

சொல்லில் காட்டும் இக்கவனம் வினைவடிவத்தில் இல்லை. (6)இன் வழக்கு ஸ்பெயின் முழுமைக்கும்கூட உரியதன்று. கலீசியா, அஸ்தூரியாஸ், கனேரித் தீவுகளில் எளிய இறந்தகாலமே மேலோங்குகிறது. மெக்சிக்கோவிலும் புவனஸ் ஐரிஸிலும் ‘ஓய் யெகே’ என்பதே இயல்பு. மெக்சிக்கோ வழக்கை 1961இல் ஆராய்ந்த லோப்பே பிளாஞ்ச், அங்கு நிறைவு வடிவம் தொடர்வதையும் மீள நிகழ்வதையும் குறிப்பதை எடுத்துக்காட்டினார். 1847இலேயே அமெரிக்க நாட்டவர்க்கென இலக்கணம் வரைந்த ஆந்திரேஸ் பெல்யோ, இவ்வடிவத்திற்கு ‘நிகழ்காலத்திற்கு முந்தியது’ எனப் பொருள்படும் பெயரை இட்டார். ‘பொலெத்தோ’வைச் சொற்பட்டியலில் தந்துவிட்டு, (6)ஐ எங்கும் செல்லும் விதியாகத் தருவது முரண்.

எக்குவடோரின் மலைப்பகுதி வழக்கு நமக்குத் தனியே பயன்தருவது. அங்கு நிறைவு வடிவம் நேரில் காணாததை உய்த்துணர்ந்து சொல்லவும் வருகிறது. நனைந்த தரையைக் கண்டு ‘மழை பெய்திருக்கிறது’ என்று தமிழர் சொல்வதோடு அங்குள்ளோரின் ‘ஆ யொவிதோ’ ஒத்துவரும். ஆங்கில நிறைவு வடிவத்திற்கு இப்பொருள் இயல்பன்று.

5. மொழிபெயர்ப்பாளர் நோக்கில்

இலத்தீன் அமெரிக்க இலக்கியம் தமிழுக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே வந்துள்ளது. மெக்சிக்கோக் கதைமாந்தர் ஒருவர் எளிய இறந்தகாலத்தில் சொன்னது ஆங்கிலத்தில் நிறைவு வடிவமாகி, அது தமிழில் ‘இருக்கிறார்’ என முடிந்தால், மூலத்தில் இல்லாத உய்த்துணர்வு தமிழில் புகுந்துவிடும். கண்டவர் கூற்று கேட்டவர் கூற்றாகிவிடும். ‘விட்டார்’, ‘இருக்கிறார்’, ‘-ஆர்’ ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிவது பொருளைத் தெரிவதாகும். அதற்கு மூலத்தின் வடிவத்தோடு பேசுவோரின் நாடும் தெரிந்திருக்க வேண்டும்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன: ‘ஆய்’ என்பதையும் நிறைவு வடிவத்தையும் ‘இரு’வின் துணைகொண்டு ஒருங்கே கற்பிக்கலாம். விளைவுப் பொருளை ‘யா’, ‘தொதவியா நோ’ ஆகிய அடைகளோடு முதலிலும், பட்டறிவுப் பொருளை அடுத்தும் தரலாம். தொடர்ச்சிப் பொருளை நிகழ்காலப் பாடத்திலேயே முடித்துவிடலாம். இன்றைய நாளின் நிகழ்ச்சியைக் குறிக்கும் வழக்கை இறுதியில், ஸ்பெயினின் பெரும்பகுதிக்கு உரியது என்னும் குறிப்போடு தரவேண்டும்.

ஆங்கிலம் தெரிந்த மாணவர்க்கு ஆங்கிலத்தை விலக்க வேண்டும் என்பதன்று இதன் பொருள். ஆனால் இரண்டு மொழிகள் நேருக்கு நேர் ஒத்து நிற்கும் இடத்தில் மூன்றாவதொரு மொழியைச் சுற்றிவருவது வழியை நீட்டுவதோடு, சிலவிடங்களில் வழியையும் தவறச் செய்கிறது. தமிழ் வினை பற்றி நாம் செய்துள்ள ஆய்வுகள் தமிழைப் பிறர்க்குக் கற்பிக்க மட்டும் உரியன அல்ல. தமிழர் பிறமொழி கற்கவும் உரியன. அவ்வகையில் தமிழ் வழியே ஸ்பானிய இலக்கணம் ஒன்று எழுதப்பட வேண்டும்.